இணையதளத்திற்கு ஒரு காவலாளி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அணையைப் போட்டால் மட்டும் போதுமா? எங்கேனும் கசிவு உண்டா என்று நாள்தோறும் கரைமேல் நடந்து பார்க்க ஓர் ஆளும் வேண்டும் அல்லவா?

இக்காலத்தில் வங்கி, கடை, இரயில் முன்பதிவு, மருத்துவமனை ஆகிய யாவும் இணையதளங்களாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களும் எங்கள் தேர்வு முடிவை இணையதளத்தில்தான் பார்க்கப் போகிறோம். இத்தனை தளங்களும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்ப்பவர் யார்? இரவு பகலாக மனிதர் உட்கார்ந்து பார்ப்பது இயலாத காரியம். ஆகவே கணினியையே அதற்குக் காவல் வைக்கிறார்கள். அக்காவலாளி என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைச் சீட்டுக்கு 'ஸ்கிரிப்ட்' என்று பெயர். அதை எழுத நான் கற்றுக்கொண்ட விதத்தையும், கற்கும்போது செய்த தவறுகளையும் என் தோழியருக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது

கோவை கிரைண்டர் என்றால் நாடெங்கும் தெரியும். புவிசார் குறியீடும் பெற்ற பொருள் அது. எங்கள் அப்பா கணபதியில் கிரைண்டர் செய்யும் சிறு பட்டறை ஒன்று நடத்துகிறார். தொழிலாளர் ஆறு பேர். வெளியூர்க்காரர்கள் விலை கேட்டு எழுதுவதற்காக ஓர் இணையதளமும் வைத்திருக்கிறார். அதில் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை நிரப்பி ஒரு பொத்தானை அழுத்தினால், அந்த விசாரணை அப்பாவின் மின்னஞ்சலுக்கு வந்து சேரும்.

சென்ற ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, தீபாவளிக்கு முந்திய மாதம் ஒரு விசாரணையும் வரவில்லை. வழக்கமாக அம்மாதத்தில்தான் வியாபாரம் அதிகம். "இந்த வருசம் ஊரெல்லாம் மந்தம் போலிருக்குது" என்று அப்பா சொல்லிக்கொண்டார். ஒரு நாள் தாராபுரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, கம்பெனிய மூடிப்போட்டீங்களா? மூணு தடவை எழுதியும் பதிலே காணமுங்களே?" என்றார்.

அப்பா திடுக்கிட்டுப் போனார். அன்று மாலை நானும் அவரும் அமர்ந்து தளத்தைத் திறந்து, நாங்களே ஒரு விசாரணை அனுப்பிப் பார்த்தோம். 'நன்றி, தங்கள் செய்தி கிடைத்தது' என்று அழகாக எழுத்து வந்தது. ஆனால் அப்பாவின் மின்னஞ்சலுக்கு ஒன்றுமே வரவில்லை. கணக்குப் பார்த்ததில், 23 நாள்களாக அந்தப் படிவம் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே ஒருவர் செய்தியையும் கொண்டுவந்து சேர்க்காமல் இருந்தது தெரிந்தது.

அவ்வாண்டு தொழிலாளருக்குப் போனஸ் கொடுக்க அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. அம்மா அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தீபாவளியன்று வெறுங்கையோடு அவர் பலகாரம் எடுத்து வைத்ததைப் பார்த்தபோதுதான், இதற்கு ஒரு வழி கண்டே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

சோதனையும் கண்காணிப்பும்

சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் என் தாய்மாமாவிடம் சென்று கேட்டேன். அவர் முதலில் இரண்டு சொற்களின் வேறுபாட்டை விளக்கினார்.

ஒரு தளத்தைக் கட்டி முடித்து மக்களுக்குத் திறந்துவிடுமுன், அதன் ஒவ்வொரு பகுதியும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது 'சோதனை'. திறந்துவிட்ட பிறகு, அது தொடர்ந்து சரியாக இருக்கிறதா என்று இடைவிடாமல் பார்த்து வருவது 'கண்காணிப்பு'. பட்டறையில் கிரைண்டரை அனுப்புமுன் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டுப் பார்ப்பது சோதனை. வாங்கியவர் வீட்டில் அது ஆறு மாதம் கழித்தும் அரைக்கிறதா என்று விசாரிப்பது கண்காணிப்பு. இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

சோதனையை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். மக்கள் மருத்துவக் காப்பீடு பெறுவதற்காக அந்நாட்டு அரசு 2013 அக்டோபர் 1-ஆம் நாள் ஒரு தளத்தைத் திறந்தது. இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து குவிந்தனர். தளம் தடுமாறி, முதல் நாளில் காப்பீடு பெற்று முடித்தவர் 6 பேரே. தனித்தனிப் பகுதிகளை ஒன்றாக இணைத்து முழுமையாகச் சோதிக்க ஏறத்தாழ இரண்டு வாரமே கிடைத்தது என்று அத்தளத்தைக் கட்டியவர்கள் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினர். திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்திருப்பது எத்துணை பொருத்தம்!

சிறிது வரலாறு

கணினிப் பழுதை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்பார்கள். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் கணினியின் உள்ளே உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அங்குப் பணிபுரிந்தவர்கள் அப்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அக்குழுவில் கிரேஸ் ஹாப்பர் என்னும் கணித மேதையும் பணியாற்றினார். பின்னாளில் கடற்படையில் உயர்பதவி வகித்தவர் இப்பெண்மணி. அந்தக் குறிப்பேடு இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுதுகளைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது என்றாலும், பூச்சியையே பிடித்து ஒட்டியவர்கள் இவர்கள்தாம்.

இணையதளங்கள் பெருகிய பிறகு, அவற்றை ஒவ்வொரு முறையும் கையால் சோதிப்பது சலிப்பூட்டும் வேலையாயிற்று. 2004-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் 'தாட்வொர்க்ஸ்' நிறுவனத்தில் பணிபுரிந்த ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், மனிதரைப் போலவே தளத்தைத் திறந்து, எழுத்துகளை நிரப்பி, பொத்தானை அழுத்தும் ஒரு கருவியை உண்டாக்கினார். அதற்குச் 'செலினியம்' என்று பெயர். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்று சொல்வதுண்டு. அப்போது இத்துறையில் பெரிதாக விளங்கிய நிறுவனத்தின் பெயர் 'மெர்க்குரி', அதாவது பாதரசம். வேடிக்கையாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. செலினியம் இன்று உலகில் எவரும் காசின்றிப் பயன்படுத்தலாம். 2020-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட 'பிளேரைட்' என்பதும் இவ்வகைக் கருவியே.

நம் நாட்டவரும் இத்துறையில் பின்தங்கவில்லை. தமிழகத்தின் சோஹோ நிறுவனம் தளங்களைக் கண்காணிக்கவென்றே 'சைட் 24x7' என்ற சேவையை நடத்துகிறது. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய 'கோவை.கோ' நிறுவனத்தைச் சரவணகுமார் என்பவர் 2011-இல் தொடங்கினார். மைக்ரோசாப்டின் 'பிஸ்டாக்' என்னும் மென்பொருளைக் கண்காணிக்கும் கருவியே அதன் முதற்படைப்பு. நூல் நூற்ற ஊர் இன்று கணினிக்கும் காவல் நிற்கிறது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

கொரோனாக் காலத்தில் ஒரு ஸ்கிரிப்ட்

கண்காணிப்பின் பயனைத் தமிழகமும் நாடும் நேரில் கண்டது 2021-இல். கொரோனாத் தடுப்பூசிக்கு முன்பதிவு செய்ய அரசு 'கோவின்' என்ற தளத்தை வைத்திருந்தது. 18 வயது முதல் 44 வயது வரை உள்ளோருக்கு 2021 ஏப்ரல் 28-இல் பதிவு தொடங்கிற்று. முதல் நாளிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தனர். ஆனால் ஊசியோ குறைவு. எந்த மருத்துவமனையில் எப்போது இடம் திறக்கும் என்று தெரியாது. திறந்த சில நிமிடங்களுக்குள் நிரம்பிவிடும். மக்கள் தூக்கம் விட்டு மீண்டும் மீண்டும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமஸ் என்னும் நிரலர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். கோவின் தளம் பொதுமக்களுக்காக வெளியிட்ட விவரங்களை அது இடைவிடாமல் படித்துப் பார்க்கும். ஒரு மாவட்டத்தில் இடம் திறந்தால், அம்மாவட்டத்தார் சேர்ந்திருக்கும் டெலிகிராம் குழுவிற்கு உடனே செய்தி அனுப்பும். 'அண்டர் 45' என்ற அவருடைய தளத்தால் எண்ணற்றோர் இடம் பெற்றனர். இவரைப் போலவே பல ஊர்களில் இளைஞர்கள் எழுதினார்கள்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒருவர் ஐந்து நிமிடத்தில் 100 தடவைக்கு மேல் விவரம் கேட்கக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. எல்லோருடைய ஸ்கிரிப்டுகளும் ஓயாமல் கதவைத் தட்டினால், உண்மையாக ஊசி வேண்டி வருபவர் உள்ளே நுழைய முடியாதல்லவா? இரண்டாவது, கணினி தெரிந்தவருக்கு இடம் எளிதாகக் கிடைத்தது. கைப்பேசி இல்லாத கிராமத்து மூதாட்டிக்கு? முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்த அத்தளம் 2021 ஜூன் மாதத்தில்தான் தமிழ் முதலிய மொழிகளில் வந்தது. முன்பதிவு இல்லாமல் நேரில் சென்று போட்டுக்கொள்ளவும் பிறகு அனுமதித்தார்கள். கருவி எவ்வளவு கூர்மையானாலும், அது யார் கையில் இருக்கிறது என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

கற்கும் முறை

இனி, தொடக்க நிலையில் உள்ளவர் எப்படிக் கற்பது என்று பார்ப்போம்.

முதற்படி, கணினியைத் தொடவே வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். 'நான் செய்வது', 'நடக்க வேண்டியது', 'நடந்தது' என்று தலைப்பிடுங்கள். 'தொலைபேசி எண்ணை விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துகிறேன். எண்ணை எழுதுமாறு கேட்க வேண்டும். கேட்கவில்லை' என்பது போல ஒவ்வொன்றாகக் கையால் செய்து எழுதுங்கள். அப்பாவின் தளத்திற்கு நான் இவ்வாறு எழுதியதில் 31 வரிகள் வந்தன. அவற்றில் நான்கில் 'நடந்தது' வேறாக இருந்தது! கையால் சோதிக்கத் தெரியாதவள் கணினிக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது என்று மாமா கூறியது எவ்வளவு உண்மை!

இரண்டாம் படி, ஒரு கணினி மொழியை அடிப்படை அளவில் கற்பது. நான் கற்றது 'பைத்தான்'. 1991-இல் கைடோ வான் ராசம் என்னும் டச்சுக்காரர் வெளியிட்ட மொழி இது. தொடங்குவோருக்கு எளிதானது. 'இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்' என்னும் நிபந்தனை, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சி, விவரத்தைக் கோப்பில் எழுதுதல் ஆகிய மூன்றும் தெரிந்தால் முதல் ஸ்கிரிப்டுக்குப் போதும். பள்ளிக் கணினி அறையில் சனிக்கிழமைதோறும் சிஸ்டர் எனக்கு இடம் கொடுத்ததால் இரண்டு மாதத்தில் இவ்வளவும் கற்றேன்.

மூன்றாம் படி, தளம் திரும்பச் சொல்லும் விடை எண்களை அறிவது. நம் கணினி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, தளம் பக்கத்தோடு ஓர் எண்ணையும் அனுப்புகிறது. 200 என்றால் சரி. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 500 என்றால் தளத்தின் உள்ளேயே பழுது. 503 என்றால் இப்போதைக்கு இயலாது, பிறகு வா என்று பொருள். மருத்துவர் நாடி பார்ப்பது போல, ஸ்கிரிப்ட் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

நான்காம் படி, முதல் ஸ்கிரிப்ட். கணினி மொழியில் எழுதியதை இங்கே நம் மொழியில் தருகிறேன்.

1. தளத்தின் முகவரியைத் திற.
2. விடை எண் 200 தானா என்று பார். இல்லையேல் 'பழுது' என்று குறி.
3. பக்கத்தில் 'விலைப்பட்டியல்' என்னும் சொல் இருக்கிறதா என்று பார். இல்லையேல் 'பழுது' என்று குறி.
4. பக்கம் வந்து சேர எத்தனை நொடி ஆயிற்று என்று அள. 5 நொடிக்கு மேல் ஆனால் 'தாமதம்' என்று குறி.
5. நாள், மணி, முடிவு ஆகியவற்றைக் குறிப்புக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்.
6. பழுது என்றால் அப்பாவுக்கும் எனக்கும் செய்தி அனுப்பு.

ஐந்தாம் படி, இந்தச் சீட்டைக் குறித்த நேரத்தில் தானாக இயங்க வைப்பது. இதற்குக் கணினியிலேயே வசதி உண்டு. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அதன் பெயர் 'கிரான்'. காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பர். 15 நிமிடத்திற்கு ஒரு முறை என்று நான் வைத்தேன். அப்படியானால் ஒரு நாளைக்கு 96 முறை. எந்த மனிதரால் அலுக்காமல் இவ்வாறு பார்க்க முடியும்?

இங்கு ஒரு சிறு கணக்கு. 'எங்கள் தளம் நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்கும்' என்று ஒருவர் சொன்னால் நாம் வியந்து போகிறோம். ஆனால் மீதியுள்ள ஒரு பங்கு, ஆண்டுக்கு 365 நாளில் 3.65 நாள்! அந்த மூன்றரை நாளும் தீபாவளி வாரத்தில் வந்தால்? 99.9 பங்கு என்றாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் தளம் இராது. தேர்வில் 99 வாங்கினால் மகிழலாம். தளத்திற்கு அது குறைந்த மதிப்பெண்தான்.

நான் செய்த தவறுகள்

ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய நாளில் நான் தரையில் நிற்கவில்லை. 'நலம், நலம், நலம்' என்று குறிப்புக் கோப்பு நிரம்பிக்கொண்டே வந்தது. பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்பா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நாலு நாளா ஒரு விசாரணையும் வரலியே, உன் ஆள் என்ன சொல்றான்?" என்று கேட்டார். கோப்பைத் திறந்தேன். நான்கு நாளும் 'நலம்' என்றே இருந்தது. படிவத்தை அனுப்பிப் பார்த்தோம். நன்றி வந்தது, அஞ்சல் வரவில்லை. அதே பழுது!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று திண்ணையில் அமர்ந்திருந்த எங்கள் அப்பாரு என்னை அருகில் அழைத்து விவரம் கேட்டார். அவர் முப்பது ஆண்டுகள் மில்லில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நின்னு போன தறியால நட்டமில்ல அம்மிணி. இழை அறுந்தது தெரியாம ஓடுற தறிதான் நட்டம்" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் பெரிய பாடமாயிற்று. ஜப்பானியர் சாகிச்சி டொயோடா 1924-இல் செய்து முடித்த தானியங்கித் தறியில், இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும் என்று பின்னர் படித்தேன். தறி ஓடுகிறதா என்று பார்ப்பதால் பயனில்லை. துணி சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். என் ஸ்கிரிப்ட் தளத்தின் கதவைத் தட்டி, 'இருக்கிறாயா?' என்று மட்டும் கேட்டது. 'வேலை செய்கிறாயா?' என்று கேட்கவே இல்லை. விடை எண் 200 என்பது கதவு திறந்திருக்கிறது என்பதற்குத்தான் சான்று.

ஆகவே செலினியம் கொண்டு இரண்டாவது ஸ்கிரிப்ட் எழுதினேன். நாள்தோறும் காலை 6 மணிக்கு அது தளத்தைத் திறந்து, 'சோதனை' என்ற பெயரோடு அன்றைய தேதியையும் சேர்த்துப் படிவத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தும். பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து, அப்பாவின் மின்னஞ்சல் பெட்டியில் அதே தேதியிட்ட கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கும். வந்திருந்தால்தான் 'நலம்'. இந்தக் கனமான சோதனை நாளுக்கு ஒரு முறை போதும். ஒவ்வொரு கால் மணிக்கும் செய்தால் அப்பாவின் பெட்டி என் சோதனைக் கடிதங்களாலேயே நிரம்பிவிடும்.

இதிலும் இடறினேன். பக்கம் முழுவதும் வந்து சேருமுன் ஸ்கிரிப்ட் பொத்தானைத் தேடி, காணவில்லை என்று அலறியது. 'பத்து நொடி தூங்கிவிட்டுப் பார்' என்று எழுதினேன். அது தவறான வைத்தியம். வேகமான நாளில் வீண் தாமதம். மெதுவான நாளில் பத்து நொடியும் போதாது. 'பொத்தான் வரும்வரை காத்திரு. முப்பது நொடிக்குள் வராவிட்டால் பழுது என்று சொல்' என்பதே சரியான முறை. மேலும், பொத்தானை 'மூன்றாவது வரிசையில் இரண்டாவது' என்று இடம் சொல்லித் தேடினேன். அப்பா ஒரு படத்தைச் சேர்த்ததும் எல்லாம் இடம் மாறிப்போயிற்று. தெருவில் ஐந்தாவது வீடு என்று தேடுவதைவிட, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித் தேடுவதல்லவா அறிவு? தளத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் இட்டு, அப்பெயரால் தேடினால் இத்தொல்லை இல்லை.

மூன்றாவது தவறு இன்னும் பெரிது. மழைக்காலத்து ஓர் இரவில் எங்கள் வீட்டு இணைய இணைப்பு விட்டு விட்டு வந்தது. விட்டபோதெல்லாம் தளம் படுத்துவிட்டது என்று ஸ்கிரிப்ட் எண்ணிக்கொண்டது. இணைப்பு வந்தவுடன் சேர்த்து வைத்த செய்திகளை எல்லாம் அனுப்பியது. விடிவதற்குள் 37 செய்திகள்! அம்மா அன்றே கைப்பேசியில் அந்த ஓசையை அணைத்துவிட்டார். 'புலி வருது' கதையில் வரும் பையனைப் போல என் ஸ்கிரிப்ட் ஆகிவிட்டது. பிறகு இரண்டு விதிகளைச் சேர்த்தேன். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்து, மூன்றிலும் பழுது என்றால் மட்டுமே செய்தி. அதற்கு முன், எப்போதும் இயங்கும் வேறொரு பெரிய தளம் விடை தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் விடை தராவிட்டால் குற்றம் நம் வீட்டு இணைப்பில்தான்.

கடைசியாக ஒரு கேள்வி எழுந்தது. காவலாளியே தூங்கிவிட்டால்? மின்தடையால் கணினி நின்றுவிட்டால் செய்தி எப்படி வரும்? இதற்கும் அப்பாருதான் வழி சொன்னார். அவர் காலத்து மில்லில் இரவுக் காவலர் மணிக்கொரு முறை மணி அடிப்பாராம். மணி கேட்டால் எல்லோரும் தூங்குவார்கள். கேட்காவிட்டால்தான் எழுந்து போய்ப் பார்ப்பார்கள். அதைப் போலவே காலை 7 மணிக்கு 'நான் இருக்கிறேன்' என்று ஒரு செய்தி வரும்படி வைத்தேன். அது வராத நாளில் நாங்கள் கணினியைப் போய்ப் பார்க்கிறோம்.

நினைவில் கொள்ள வேண்டிய ஒழுக்கம்

கத்தியால் காய் நறுக்கலாம், கையையும் அறுத்துக்கொள்ளலாம். ஸ்கிரிப்டும் அத்தகையதே. நம்முடைய தளத்தையோ, உரியவர் அனுமதி கொடுத்த தளத்தையோ மட்டுமே சோதிக்க வேண்டும். பிறர் தளத்தை விளையாட்டாக ஆயிரம் முறை தட்டுவது, திருவிழாக் கூட்டத்தில் வாசலை மறித்து நிற்பதற்கு ஒப்பாகும். பிறர் கணினியில் அனுமதியின்றி நுழைவதும், உரியவர் அதைப் பயன்படுத்த முடியாதபடி தடுப்பதும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்கக் கூடாது. அது வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போன்றது. சோதனைக்கு உண்மையான ஒருவருடைய பெயரையோ தொலைபேசி எண்ணையோ பயன்படுத்துவதும் முறையன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, சோதனையில் பழுது அகப்படவில்லை என்றால் பழுதே இல்லை என்று பொருள் அல்ல. இதனை டைக்ஸ்ட்ரா என்னும் கணினி அறிஞர் வலியுறுத்தியிருக்கிறார். நான் அதைப் பொங்கல் வாரத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முடிவுரை

சென்ற பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் காலை 6 மணி 11 நிமிடத்திற்குச் செய்தி வந்தது: 'சோதனைக் கடிதம் வந்து சேரவில்லை.' அப்பா எழுந்து பார்த்தார். மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்ததால் புதிய கடிதம் எதுவும் உள்ளே வரவில்லை. பழையவற்றை அழித்தோம். 7 மணிக்குள் எல்லாம் சரியாயிற்று. சென்ற முறை 23 நாள். இம்முறை ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. அப்பா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைக்குப் புறப்படும்போது, "உன் ஆளுக்குச் சம்பளம் எவ்வளவு கொடுக்கோணும்?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மாவின் வளையல்களில் ஒன்று மீண்டுவிட்டது. மற்றொன்றும் விரைவில் வரும் என்று நம்புகிறேன்.

அன்புத் தோழியரே! கணினிக் கல்வி என்றால் பெரிய கல்லூரிக்குச் சென்றபின் கற்பது என்று எண்ணி ஒதுங்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு கடையோ தறியோ தொழிலோ இருக்கலாம். அதற்கு ஓர் இணையதளமும் இருக்கலாம். இன்று மாலையே ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி போடுங்கள். 'நான் செய்வது, நடக்க வேண்டியது, நடந்தது' என்று எழுதிப் பாருங்கள். பெற்றோரே! உங்கள் தளத்தில் படிவம் இருந்தால், தயவு செய்து இன்றே நீங்களே ஒரு விசாரணை அனுப்பி, அது வந்து சேருகிறதா என்று பாருங்கள். 'நன்றி' என்று வரும் எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஓடுகிற தறியை எல்லோரும் பார்க்கிறார்கள். அறுந்த இழையைப் பார்க்கக் கற்போம்.